கண்வளர்த்தல்

தால் என்பது நா. நாவினை அசைத்து ஒலியெழுப்பி மகவைத் துயிற்றுதலின் தாலாட்டு என்னும் பெயர் வந்ததென்பர். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் தாலப்பருவத்திற்கு மூன்றாம் இடம் தந்தனர் முன்னோர். பெரியாழ்வார் தாமே தாயாகிக் கண்ணனுக்குத் தாலாட்டுப் பாடினார். புலவர் பெருமக்கள் சிறுபொருளென ஒதுக்காத இதனை யாம் எழுதப் புகுந்தமை கண்டு ஆனர்ஸ் வகுப்புத் தோழர் நகையார் என நம்புகின்றோம்.

எம் சேலம் நாமக்கல் சமவெளியில் இது பாட்டளவில் நிற்கும் பொருளன்று. காவிரிக் கரையிலுள்ள பள்ளிபாளையம், குமாரபாளையம் ஆகிய ஊர்களில் விசைத்தறிகள் இரவும் பகலும் ஓடும். நாமக்கல்லினின்று லாரிகளும், திருச்செங்கோட்டினின்று ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளும் வடநாடுவரை செல்லும். தந்தை வண்டியில், தாய் தறியில். விளக்கேற்றிய பின் பிள்ளையின் அருகிருப்பார் யார்? பெரும்பாலும் கைப்பேசியே இருக்கின்றது.

எம் தமக்கையார் இல்லத்திலும் அவ்வாறே இருந்தது. அவர்தம் மைந்தனுக்கு மூன்று வயது. அத்தான் லாரி ஓட்டுநர்; தமக்கையார் பகல் ஷிப்டில் தறி ஓட்டுபவர். மாலையில் அவர் சமைத்து முடிக்குமளவும் பிள்ளையின் கையில் படம் ஓடும். அதனைப் பிடுங்கினால் வீடே அதிரும். இரவு பதினொரு மணிக்கு உறங்குவான். தாய் வேலைக்குப் புறப்பட வேண்டுதலின் காலை ஆறு மணிக்கு எழுப்பப்படுவான். நண்பகல் உறக்கத்தையும் கூட்டினால் எட்டு மணி நேரம். மூன்று நான்கு வயதுப் பிள்ளைகட்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேர உறக்கம் வேண்டுமென்றும், திரை பார்த்தல் ஒரு மணி நேரத்தைக் கடவாதிருத்தல் வேண்டுமென்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் உரைத்துள்ளது. எட்டுக்கும் பத்துக்கும் இடைப்பட்ட குறை பிள்ளையின் முகத்திலும் சிணுங்கலிலும் நன்கு தெரிந்தது.

கோடை விடுமுறையில் யாம் அவ்வீட்டில் தங்கினோம். அமெரிக்க நாட்டில் 405 தாய்மாரைக் கொண்டு நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வொன்றைப் படித்திருந்தோம். நீராட்டல், உடல் நீவுதல், அமைதியான விளையாட்டோ பாட்டோ ஆகியவற்றை நாள்தோறும் அதே முறையிற் செய்ய, இரண்டு வாரங்களில் குழந்தைகள் விரைந்து துயின்றனர். தாய்மாரின் மனநிலையும் தேறியது. அவ்வாய்விற்குப் பொருளுதவியது குழந்தைகட்குச் சோப்பு விற்கும் நிறுவனம் என்பதையும் மறைத்தல் முறையன்று. ஆயினும், சோப்பினை நீக்கிப் பார்த்தால் எஞ்சி நிற்பது ஒழுங்கு ஒன்றே, அதற்கு விலையில்லை.

எட்டு மணிக்குக் கைப்பேசியைப் பரண்மேல் வைத்தோம். வெந்நீரிற் கைகால் கழுவி, தமக்கையாரின் நைந்த புடைவையொன்றை விரித்து, ஒரு விளக்கை மட்டும் விட்டுவைத்தோம். பின் ஒரு கதை, இரண்டு வாக்கியத்தில் ஒரு ஜெபம், அதன்பின் இருள். முதல் மூன்று இரவுகள் அழுகையிற் கழிந்தன. நான்காம் இரவு பாட்டி வடை சுட்ட கதையைக் கூறினோம். அன்று தொட்டு வேறு கதை கேட்க மறுத்துவிட்டான். ஒருநாள் காக்கையை மரத்திலமர்த்தாமல் கூரையில் அமர்த்தினோம், எழுந்து உட்கார்ந்து, "மாமா, மரம்!" என்று திருத்தினான். புதுமை வேண்டி நூல்களைத் துருவும் எமக்கு அது வியப்பளித்தது. பகலெல்லாம் புதியன காணும் குழந்தை, அடுத்து வருவது இன்னதென்று அறிந்த பின்னரே கண்மூடத் துணிகின்றது போலும்.

அண்டைப் பட்டறையின் ஓசை குறித்து யாம் அஞ்சியிருந்தோம். அவனோ அதனைப் பொருட்படுத்தவேயில்லை. மின்சாரம் தடைப்பட்டுத் தறி ஓய்ந்த இரவில்தான் திடுக்கிட்டு விழித்தான்! தறியொலியே அவனுக்குத் தாலாட்டாயிற்று எனக் கவிபாடலாம். ஆனால் பட்டறைக்குள் 90 டெசிபெலைக் கடக்கும் ஓசை செவிக்குக் கேடு. பழகினமையால் கேடு குறைவதில்லை. தறிக்கு அருகிலேயே தொட்டில் கட்டி வேலை செய்யும் தாய்மார் உளர். வேறிடம் இல்லாதவர்க்கு யாம் என்ன கூறுவது? பட்டறை முதலாளிகள் தனியறை ஒன்று ஒதுக்கின் நன்று. யாம் செய்யக்கூடியது, தெருப்பக்கத்துச் சாளரத்தை அடைத்துப் பாயைப் பின்கட்டிற்கு மாற்றியதே.

இரண்டாம் வாரத்தில் ஒன்பது மணிக்கு உறங்கத் தொடங்கினான். தமக்கையார்க்கும் ஒரு மணி நேரம் ஓய்வு கிடைத்தது. அதில் அவர் ஒன்றும் செய்யாது திண்ணையில் அமர்ந்திருந்தார்.

விடுமுறை முடிந்து யாம் திரும்பும் முன், யார் இதனைத் தொடர்வது என்ற வினா எழுந்தது. அத்தான் நாகபுரியிலிருந்து பேசினார். எட்டரை மணிக்கு வண்டியை ஓரங்கட்டக்கூடிய நாட்களில் கதையைத் தாமே சொல்வதாகக் கூறினார். கைப்பேசி பரணினின்று இறங்கியது. ஆனால் முகம் காட்டாது பாயருகே கவிழ்த்து வைக்கப்பட்டது. குரல் மட்டும் வந்தது. காக்கை எங்கே அமர்ந்தது என்று தந்தை கேட்க, இருளிலிருந்து விடை சென்றது.