அழல் தணியும் வரை

அழற்சி என்ற சொல்லை நாம் பல்லாண்டுகளாக மாணவர்களுக்கு வெறும் அகராதிச் சொல்லாகவே கற்பித்து வந்தோம். அழல் என்றால் நெருப்பு. அதன் வழிப் பிறந்தது அழற்சி. அரபியில் இதனை இல்திஹாப் என்பர். லஹப் என்றால் தீச்சுடர். அபூலஹபின் பெயரில் நிற்பதும் அதே சொல்தான். தமிழும் அரபியும் தம்முள் கலந்து பேசிக்கொள்ளாமலே உடலின் ஒரே துன்பத்துக்கு நெருப்பின் பெயரைச் சூட்டியிருக்கின்றன என்று வகுப்பில் வியந்து பேசியதுண்டு. அந்த நெருப்பு நம் வீட்டுப் பிள்ளையின் நெஞ்சில் பற்றிய நாளில், நமது சொல்லாராய்ச்சி ஒரு குவளைத் தண்ணீருக்கும் ஈடாகவில்லை.

2024 ஜனவரியின் கடைசி வாரம் அது. நம் தங்கை மகனுக்கு அப்போது வயது 19. காயல்பட்டினத்துப் பிள்ளைகளுக்கே உரிய கால்பந்துப் பித்து அவனுக்கும் உண்டு. காய்ச்சலும் தொண்டைவலியும் வந்து நான்கு நாட்களில் தணிந்தன. அலுப்பு மட்டும் தீரவில்லை. "காய்ச்சல்தான் விட்டுவிட்டதே! மைதானத்துக்குப் போய் வியர்வை சிந்திவிட்டு வா, உடம்பு தெளியும்" என்று சொல்லிப் படுக்கையிலிருந்து எழுப்பி அனுப்பியவர் வேறு யாருமல்லர், நாமேதான். அஸர் தொழுதுவிட்டுச் சென்றவன், மஃரிபுக்கு முன்பே இரு கூட்டாளிகளின் தோளில் சாய்ந்து திரும்பினான். நெஞ்சில் இறுக்கம், பேசினால் மூச்சு வாங்கியது. முதலில் காட்டிய இடத்தில், இந்த வயதில் இதயத்துக்கு என்ன வரப்போகிறது என்று வாயுவுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இரவெல்லாம் படுக்க இயலாமல் உட்கார்ந்தே மூச்சுவிட்டான். பஜ்ருக்கு முன் வண்டி பிடித்துத் திருநெல்வேலிக்குக் கொண்டு சென்றோம்.

அங்கே ஈ.சி.ஜி. எடுத்தனர். இதயத் தசை சேதமுற்றால் இரத்தத்தில் கசியும் டிரோபோனின் என்ற புரதத்தை அளந்தனர். அது மிக உயர்ந்திருந்தது. எக்கோ படத்தில் இதயம் சோர்ந்து துடிப்பதை நாமே திரையில் கண்டோம். ஒவ்வொரு துடிப்பிலும் இடப்பக்க அறையிலுள்ள இரத்தத்தில் ஏறத்தாழ 55 விழுக்காட்டுக்கு மேல் வெளியேற வேண்டும். அவனுக்கு 35 தான் வெளியேறியது. காய்ச்சலைக் கொடுத்த வைரஸே இதயத் தசையிலும் அழற்சியை மூட்டியிருக்கிறது என்றார் மருத்துவர்.

அவர் பொறுமைசாலி, வயதில் நம் மாணவர்களை ஒத்தவர். வைரஸ் முதலில் தசையின் அணுக்களுக்குள் புகுந்து சேதம் செய்கிறது, பிறகு அதை அழிக்க விரையும் உடலின் காவற்படை, பகைவன் ஒளிந்திருக்கும் வீட்டையும் சேர்த்தே இடிக்கிறது என்று விளக்கினார். "அப்படியானால் அந்த வைரஸைக் கொல்லும் மருந்தைக் கொடுங்கள்" என்றோம். வழக்கமாகக் கொடுத்துக் குணப்படுத்தும் அத்தகைய மருந்து இந்நோய்க்கு இல்லை என்றார். இப்னு சீனா இதய மருந்துகளுக்கென்றே தனி நூல் இயற்றியவர் ஆயிற்றே என்று நம் மனம் எங்கெங்கோ ஓடியது. ஹாங்காங்கிலிருந்து மைத்துனர், ஸ்டீராய்டு ஊசி போடச் சொல்லுங்கள் என்று தொலைபேசியில் வற்புறுத்தினார். அதற்கும் மருத்துவரிடம் விடை இருந்தது. அழற்சியை அடக்கும் மருந்துகளை 111 நோயாளிகளிடம் சோதித்து 1995இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், அவற்றைப் பெற்றவர்களுக்குப் பெறாதவர்களைவிட நன்மை கிட்டவில்லையாம். அரிதான சில வகைகளுக்கு அம்மருந்து உயிர் காக்கும், எல்லோருக்கும் அன்று.

பிறகு என்னதான் சிகிச்சை? தளர்ந்த இதயத்தின் சுமையைக் குறைப்பதே. நுரையீரலில் தேங்கிய நீரை வெளியேற்ற ஒரு மாத்திரை, இரத்தக் குழாய்களைத் தளர்த்த ஒன்று, துடிப்பின் வேகத்தைத் தணிக்க ஒன்று. நிலைமை முற்றினால், இதயம் மீளும் வரை அதன் வேலையைத் தற்காலிகமாக இயந்திரத்திடம் ஒப்படைப்பதும் உண்டு. அல்லாஹ்வின் அருளால் அவனுக்கு அது தேவைப்படவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக ஓய்வு. மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை ஓட்டமில்லை, பந்தில்லை, பளு தூக்குதல் இல்லை.

"ஓய்வு ஒரு மருந்தா?" என்று நம் தங்கை கேட்டாள். மருத்துவர் ஒரு பழைய சோதனையைச் சொன்னார். 1948இல் அமெரிக்காவின் கொக்சாக்கி என்னும் சிற்றூரில், வாதநோயுற்ற பிள்ளைகளிடமிருந்து பிரித்தெடுத்த வைரஸ்களுக்கு அவ்வூரின் பெயரையே இட்டார்கள். இதயத்தைத் தாக்குவனவற்றுள் அவ்வினமும் ஒன்று. 1970இல் அவ்வைரஸ் ஏற்றிய எலிகளில் சிலவற்றை வற்புறுத்தி நீந்தவிட்டார்கள். நீந்திய எலிகளின் இதயத்தில் வைரஸ் பன்மடங்கு பெருகியது. இறந்தவையும் அவற்றுள் மிகுதி. அவர் சொல்லி முடித்தபோது தங்கை நம்மைப் பார்க்கவில்லை. அவள் பார்த்திருந்தால் தாங்கியிருக்க மாட்டோம்.

பத்தாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். உப்பைக் குறைக்கச் சொன்னதால் கருவாடும் ஊறுகாயும் அந்த வீட்டுச் சமையலறையிலிருந்து விடைபெற்றன. நீர் தேங்குகிறதா என்றறியத் தினமும் காலையில் எடை பார்த்து உம்மா ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பாள். இவையெல்லாம் எளிதாகவே நடந்தன. இளைஞனைப் படுக்கையில் இருத்துவதுதான் கடினமாயிற்று. வலி நின்றதும் நோய் தீர்ந்தது என்றே அவன் நம்பினான். நாமும் முன்பு அப்படித்தானே நம்பினோம்!

மார்ச் 12இல் ரமளான் பிறந்தது. இரண்டாம் நாள் இரவு தங்கை ஆள் அனுப்பினாள். "காக்கா, இவனுக்கு மறுபடியும் மூச்சு இரைக்கிறது, காலும் வீங்கியிருக்கிறது" என்றாள். விசாரித்தால், பிள்ளை இரு நாட்களாக யாருக்கும் தெரியாமல் நோன்பு நோற்றிருக்கிறான். பகலில் விழுங்க வேண்டிய மாத்திரைகள் தலையணைக்கு அடியில் கிடந்தன.

"கூட்டாளிகள் எல்லாரும் நோன்பாளியாக இருக்க, நான் மட்டும் கஞ்சி குடித்துக்கொண்டு கிடப்பதா, மாமா?" என்று அழுதான்.

அவனருகில் அமர்ந்தோம். அல்பகரா அத்தியாயத்தில் நோன்பைக் கடமையாக்கும் அதே இடத்தில்தான் நோயாளிக்குச் சலுகையும் வந்திருக்கிறது. விட்டதை வேறு நாட்களில் நோற்கலாம். இதை முப்பது ஆண்டுகளாகப் பிறருக்குக் கற்பித்தவர் நாம். ஆனால் அன்று அவனிடம் முதலில் சொன்னது அதுவன்று. "வாப்பா, உன்னை மைதானத்துக்கு அனுப்பியது நான் செய்த பிழை. இன்னொரு பிழைக்கு என்னைச் சாட்சியாக்காதே" என்றோம். அவன் தலையணையை விலக்கி மாத்திரைகளை எடுத்து நம் கையில் வைத்தான். மறுநாள் முதல் லுஹர் தொழுதுவிட்டு, உப்பில்லாக் கஞ்சியை நாமே கொண்டுபோய், கதவைச் சாத்திவிட்டு, அவன் குடித்து முடிக்கும் வரை உடனிருந்தோம். நோன்பாளியின் கையால் வாங்கிக் குடிப்பதில் அவனுக்கு இருந்த கூச்சம் நான்கைந்து நாட்களில் போய்விட்டது.

மே மாதப் பரிசோதனையில் 35 என்ற எண் 48 ஆகியிருந்தது, ஆகஸ்டில் 57. எல்லோருக்கும் இப்படி மீள்வதில்லை. சிலருக்கு இதயம் விரிந்து தளர்ந்தே நின்றுவிடும் என்பதையும் மருத்துவர் மறைக்கவில்லை. மைதானத்துக்குப் போகலாம் என்று அவர் ஒப்புதல் தந்த நாளில், எல்லைக்கோட்டுக்கு வெளியே அரைமணி நேரம் நடந்துவிட்டுத் திரும்பினான். பந்தைத் தொட மேலும் சில வாரங்கள் ஆயின.

விடுபட்ட 28 நோன்புகளையும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு டிசம்பரில் களாச் செய்யத் தொடங்கினான். மழைக்காலம், பகல் சிறியது. முதல் நாள் மஃரிபுக்கு நம்மை அழைத்திருந்தான். பேரீச்சம்பழத் தட்டை முதலில் நம் பக்கம் நகர்த்தி வைத்தான்.