எந்தத் தெருவில் தங்குவது?

பயணம் நம் மக்களுக்குப் புதிதன்று. ஆயினும், போகும் ஊரில் எங்கே தங்குவது என்ற கேள்வி நம்மில் பலருக்கு வாழ்நாளில் எழுந்ததே இல்லை எனலாம். திருமணம், சாவு, பேறுகாலம் என்று போனால் உறவினர் வீடு இருக்கிறது. வேளாங்கண்ணிக்கோ பூண்டிக்கோ போனால் ஆலய விடுதி இருக்கிறது. அது நிரம்பிவிட்டால் கொட்டகை இருக்கிறது. யாரோ நமக்காக முன்னரே தீர்மானித்து வைத்த இடத்தில்தான் நாம் தலைசாய்க்கிறோம். ஆகவே, உறவினர் ஒருவரும் இல்லாத, மொழியும் தெரியாத ஓர் அயல்நாட்டுத் தலைநகரில் ஐந்து நாள்கள் தங்க நேரும்போது, எங்கே தங்குவது என்பது வசதியைப் பற்றிய கேள்வியாக மட்டும் நின்றுவிடுவதில்லை. எதைக் காண விரும்புகிறோம், யாருக்கு அருகில் இருக்க விரும்புகிறோம் என்னும் கேள்விகளும் அதனுள் அடங்கியிருக்கின்றன.

தாய்லாந்தின் தலைநகரான பாங்காக்குக்கு நானும் என் துணைவியாரும் சென்றுவர எங்கள் மகன் ஏற்பாடு செய்தபோதுதான் இக்கேள்வி எங்கள் வீட்டுக்குள் வந்தது. நான் பள்ளியாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆசிரியர் மாநாடுகள், தேர்தல் பணி, விடைத்தாள் திருத்தும் பணி என்று நானாவது நான்கு ஊர்களைப் பார்த்திருக்கிறேன். துணைவியாருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. படுக்கையில் கிடந்த என் தாயாரை ஒன்பது ஆண்டுகள் பேணியவர் அவர். அந்த ஒன்பது ஆண்டுகளில் இரண்டு இரவுகள் சேர்ந்தாற்போல் அவர் வெளியூரில் தங்கியதில்லை. அம்மா இறைவனடி சேர்ந்தபோது, துணைவியாரின் முழங்கால்கள் தேய்ந்திருந்தன. ஆகையால் இப்பயணம் அவருக்குரியது என்பதில் எனக்கும் மகனுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எங்கே தங்குவது என்பதில்தான் வேறுபாடு எழுந்தது.

மகன் இருபத்திரண்டு இடங்கள் கொண்ட ஒரு பட்டியலைத் தயாரித்திருந்தான். தங்குவதற்கு அவன் சொன்ன பகுதி சுகும்வித். நகரின் கிழக்கே நீண்டு செல்லும் பெருஞ்சாலை அது. இருமருங்கும் உயர்ந்த விடுதிகளும் அங்காடிகளும் நிறைந்தது. 1999-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற வான்வழி ரயில் அச்சாலையின் மேலேயே ஓடுகிறது. வசதிக்குக் குறைவில்லை.

அவனுடைய நண்பர்கள் பரிந்துரைத்தது காவ் சான் சாலை. ஒரு காலத்தில் அரிசிச் சந்தையாக இருந்த தெரு. அரிசி என்பதே அதன் பெயரின் பொருள். இன்று முதுகுப்பையுடன் வரும் வெளிநாட்டு இளைஞர்களின் தெரு அது. அரண்மனைக்கு அருகில்தான் இருக்கிறது. ஆனால் இரவெல்லாம் உறங்காது.

மூன்றாவது, சீனர்கள் வாழும் யாவராட். நகைக்கடைகளுக்கும் இரவு உணவுக்கும் பெயர் பெற்ற பகுதி. 2019-ஆம் ஆண்டில் சுரங்க ரயில் அங்கே வந்து சேர்ந்தபின் போக்குவரத்துத் தொல்லையும் குறைந்திருக்கிறது.

நான்காவது, சாவ் பிரயா ஆற்றங்கரையிலுள்ள பாங் ராக். சபான் தக்சின் என்ற வான்வழி ரயில் நிலையமும் படகுத் துறையும் அங்கே அடுத்தடுத்து அமைந்துள்ளன. 1860-களில் நான்காம் ராமா மன்னர் காலத்தில் போடப்பட்ட சரோன் குருங் என்ற பழைய சாலை அவ்வழியே செல்கிறது. அதிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், பாங்காக் மறைமாவட்டத்தின் பேராலயமான விண்ணேற்பு அன்னை ஆலயம் செங்கல் நிறக் கோபுரங்கள் இரண்டுடன் நிற்கிறது.

துணைவியார் இந்த நான்கையும் அமைதியாகக் கேட்டார். பிறகு, “காலையில் எழுந்து நான் தனியாக நடந்துபோய்த் திரும்பிவர ஒரு தெரு வேண்டும். அது எந்த இடத்தில் இருக்கிறது?” என்றார். வழிகாட்டி நூல் எதிலும் இக்கேள்விக்கு விடை இல்லை. ஆனால் கேட்கப்பட்டவுடன் விடை எங்கள் மூவருக்கும் தெரிந்துவிட்டது. மகன் தயங்கினான். “அந்தப் பக்கம் எங்கே போவதானாலும் படகுதான் அம்மா. ஆடுகிற படகில் உங்களால் கால் வைத்து ஏற முடியுமா?” என்று கேட்டான். அவனுடைய அச்சம் பொருளற்றதன்று. ஆயினும் பாங் ராக்கில் ஒரு சிறிய விடுதியே முடிவாயிற்று.

‘ராக்’ என்ற சொல்லுக்குத் தாய்லாந்து மொழியில் அன்பு என்று பொருள். அதனால் பிப்ரவரி 14 அன்று மணமக்கள் திரண்டுவந்து அப்பகுதியின் அலுவலகத்தில் திருமணத்தைப் பதிவு செய்துகொள்வதுண்டு. நரைத்த தலையுடன் நாங்கள் அவ்வூரில் இறங்கியபோது இதை நான் துணைவியாரிடம் சொன்னேன். பதிலுக்கு அவர் கேட்டது, அறையில் வெந்நீர் கிடைக்குமா என்பதை.

ஓர் ஊரை அறிய வேண்டுமானால் அது எவ்வாறு தோன்றியது என்பதை அறிய வேண்டும். 1767-இல் அயுத்தயா என்ற பழைய தலைநகரம் பர்மியப் படையெடுப்பில் அழிந்தது. தக்சின் மன்னர் எஞ்சிய மக்களைத் திரட்டி, ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள தோன்புரியில் ஆட்சி அமைத்தார். 1782-இல் முதலாம் ராமா தலைநகரைக் கிழக்குக் கரைக்கு மாற்றினார். அந்நகருக்கு வடமொழியும் பாலியும் கலந்து அவர்கள் சூட்டிய பெயர் மிக நீண்டது. இந்திரன் ஆணையால் விசுவகருமன் கட்டிய நகர் என்றெல்லாம் அது விரிந்து செல்லும். மக்கள் அதைச் சுருக்கி ‘குருங் தேப்’, அதாவது தேவர்களின் நகரம், என்கின்றனர். அரண்மனையும் கோயில்களும் பழைய குடியிருப்புகளும் ஆற்றை நோக்கியே எழுந்தன; சாலைகள் பிற்காலத்தவை. எனவே சாலை வழியே வருபவர் இந்நகரின் புறவாசல் வழியே நுழைகிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

காலையில் துணைவியார் பேராலயத்திற்குத் தனியே நடந்துபோய்த் திரும்பினார். 1910-இல் கட்டத் தொடங்கப்பெற்ற இன்றைய ஆலயத்தில், 2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் இளைஞர்களோடு திருப்பலி நிறைவேற்றினார். திருப்பலியின் மொழி புரியாவிட்டாலும் எந்த இடத்தில் எழ வேண்டும், எந்த இடத்தில் முழந்தாளிட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. திரும்பும் வழியில் தெருவோரக் கடையில் சூடான சோயாப் பால் வாங்கிக் குடித்தார். மூன்றாம் நாள் அக்கடைக்காரப் பெண்மணி இவரைக் கண்டதும் கைகூப்பி வணங்கினாராம். அறைக்கு வந்து இதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமிதத்தை நான் அதற்குமுன் அதிகம் கண்டதில்லை. உடனிருந்து காக்க எவரும் இன்றி, எவரையும் காக்கும் கடமையும் இன்றி, அவர் தாமாக நடந்த தெரு அது.

படகுத் துறையில் முதல் நாள் நான் அஞ்சியது உண்மை. படகு வந்து முட்டும்; பின்புறம் நிற்கும் பணியாள் ஊதல் ஒலியால் ஓட்டுநருக்குக் குறிப்புத் தருவார்; கயிறு சுற்றப்பட்ட சில நொடிகளுக்குள் இறங்குபவர் இறங்கி, ஏறுபவர் ஏற வேண்டும். துணைவியார் விளிம்பில் நின்று ஆற்றைப் பார்த்தார். அந்தப் பணியாள் ஒரு சொல்லும் பேசாமல் முழங்கையை நீட்டினார். அதைப் பற்றிக்கொண்டு அவர் வலது காலை முதலில் வைத்து ஏறிவிட்டார். உள்ளே, பயணச்சீட்டு கொடுப்பவர் நீண்ட தகர உருளை ஒன்றை ‘டக் டக்’ என்று திறந்து மூடியபடி வந்தார். பின்புறத்தில் புத்த துறவியர் நிற்பதற்கென்று இடம் ஒதுக்கியிருந்தனர். அலுவலகம் செல்வோரும் மாணவரும் கூடையேந்திய மூதாட்டியரும் எங்களைச் சுற்றி நின்றனர். எந்தச் சுற்றுலா வண்டியும் எங்களுக்கு இவர்களை அறிமுகம் செய்திருக்காது.

அந்தப் படகில் சென்று நாங்கள் கண்டவை சிலவே. வாட் போ கோயிலில் 46 மீட்டர் நீளத்தில் சயனித்திருக்கும் புத்தர் உருவத்தையும், அதன் பாதங்களில் முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்களையும் பார்த்தோம். எதிர்க்கரையில் வாட் அருண் கோபுரத்தைச் சீனப் பீங்கான் துண்டுகளால் அலங்கரித்திருக்கிறார்கள். அதன் செங்குத்தான படிகளில் நாங்கள் ஏறவில்லை. நிழலில் அமர்ந்து அண்ணாந்து பார்த்தோம். நண்பகல் வெயிலில் அறைக்குத் திரும்பி, மாலையில் மீண்டும் புறப்பட்டோம். தங்குமிடம் அருகில் இருந்ததால்தான் அது இயன்றது. சனவரி மாதத்திலேயே இப்படியென்றால், ஏப்ரல் வெயிலில் முதியோர் நிலை என்னவாகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பாக் க்ளோங் தலாட் என்னும் பூச்சந்தையில் நாங்கள் ஒரு மணி நேரம் நின்றோம். மல்லிகையும் செவ்வந்தியும் மலைபோல் குவிந்திருந்தன. அங்குள்ள பெண்கள் பூவை நாரினால் கட்டுவதில்லை. நீண்ட ஊசியில் கோத்து மாலையாக்குகிறார்கள். துணைவியார் ஒரு கடையின்முன் நின்று, ஒரு பிடி மல்லிகையையும் நூலையும் சைகையால் கேட்டு வாங்கி, நம் ஊர் முறையில் இரண்டு விரல்களால் மளமளவென்று ஒரு முழம் தொடுத்துக் காட்டினார். கடைக்காரப் பெண்மணி தம் மகளை அழைத்துப் பார்க்கச் சொன்னார். மகனின் பட்டியலில் இச்சந்தை பதினேழாவது இடத்தில் இருந்தது.

அங்கிருந்து சிறு படகில் ஆற்றைக் கடந்தால் குடி சீன் என்ற பழைய குடியிருப்பு. அயுத்தயாவில் வாழ்ந்து, அது அழிந்தபின் தக்சின் மன்னரோடு தோன்புரிக்கு வந்த போர்ச்சுகீசிய வழித்தோன்றல்களுக்கு, போரில் துணைநின்றமைக்காக மன்னர் 1769-இல் வழங்கிய நிலம் அது. அங்கே உள்ள திருச்சிலுவை ஆலயத்தின் இன்றைய கட்டடம் 1916-ஐச் சேர்ந்தது. சுற்றிலும் ஆள் அகலச் சந்துகள். வீட்டு வாயில்களில் அன்னை மரியின் படங்கள். உள்ளே தாய்லாந்து முகங்கள், தாய்லாந்துப் பேச்சு. கோதுமை மாவு, முட்டை, சர்க்கரை ஆகியவற்றை அடித்துச் சுடும் ஒரு சிறிய கேக்கை அவ்வீடுகளில் இன்றும் செய்கிறார்கள். போர்ச்சுகலிலிருந்து வந்த பண்டத்தின்மேல் சீனர்களின் பூசணிப் பாகு வைக்கிறார்கள். நடந்து செல்லும் தொலைவிலேயே சீனர்களின் குவான்யின் கோயிலும், கல்யாணமித் புத்த விகாரையும், தாய்லாந்துக் கோயிலின் பாணியில் எழுப்பப்பட்ட பாங் லுவாங் பள்ளிவாசலும் இருக்கின்றன. இரண்டரை நூற்றாண்டுகளாக அவர்கள் ஒருவர்க்கொருவர் அடுத்த வீட்டுக்காரர்.

இக்கரையிலும் நமக்குரிய அண்டை வீட்டார் உண்டு. எங்கள் விடுதியிலிருந்து நடந்து போகும் தொலைவில், சீலோம் சாலையில், 19-ஆம் நூற்றாண்டில் குடியேறிய தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. இன்று அங்கே வழிபடுவோரில் பெரும்பாலோர் தாய்லாந்து மக்கள். பழைய நகரில், 1784-இல் அமைக்கப்பட்ட தேவசதான் கோயிலின் அருகே, இரண்டு செந்நிறத் தேக்குத் தூண்கள் ஊஞ்சல் இன்றி நிற்கின்றன. அவ்வூஞ்சல் விழா 1935-இல் நின்றுபோயிற்று. ஆனால் அவ்விழாவின் ‘திரியம்பாவாய்’ என்ற பெயரில் நம் திருவெம்பாவை வாழ்கிறது. அக்கோயிலின் குருமார் அப்பாடல்களைப் பொருள் அறியாமலே தலைமுறை தலைமுறையாக ஓதி வந்திருக்கின்றனர்.

மகனின் இருபத்திரண்டு இடங்களுள் நாங்கள் கண்டவை ஏழு. வாரச் சந்தையான சதுசாக்கும், தொலைவிலுள்ள மிதக்கும் சந்தையும், அயுத்தயாவின் இடிபாடுகளும், பெரிய அங்காடிகள் அனைத்தும் விடுபட்டன. “இவ்வளவு செலவழித்துப் போய் இவ்வளவுதானா?” என்று ஊரில் சிலர் கேட்டார்கள். கேட்பது இயல்பே. செலவுக்கு ஈடாக இடங்களை எண்ணிக் கணக்குத் தீர்ப்பது நமக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் ஓர் ஊரில் நாம் கண்காட்சிகளுக்கு முன்னால் செலவிடும் நேரம் குறைவு. விழிப்பதும் உண்பதும் வழிதேடுவதும் களைத்துத் திரும்புவதுமே மிகுதி. அந்நேரம் முழுவதும் எந்தத் தெருவில் கழிகிறதோ அத்தெருவே நமக்கு அந்த ஊர்.

ஆகவே, முதிய பெற்றோரை அயல்நாட்டுக்கு அனுப்ப விரும்பும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். இடங்களின் பட்டியலைப் பிறகு எழுதுங்கள். நிலையமோ படகுத் துறையோ நடந்து எட்டும் தொலைவில் உண்டா, நண்பகலில் திரும்பிவந்து படுக்க முடியுமா, காலை ஆறு மணிக்கு அத்தெருவில் யார் நடமாடுகிறார்கள் என்பவற்றை முதலில் விசாரியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எப்படிப்பட்ட தெரு வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள். பலருக்கு அப்படி ஒரு கேள்வியை அதுவரை எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். விடை சொல்ல அவர்களுக்குச் சற்று நேரம் பிடிக்கலாம்; காத்திருங்கள்.