சம்பளமும் இடமும்

கால்பந்தைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவது சில நண்பர்களுக்கு உவப்பாக இருக்காது. ஆனால் இதில் உள்ள பிரச்னை நமக்கும் உரியதுதான். பெரும் பணம் வாங்கிக்கொண்டு, குழுவோடு சேராமல், சொன்னதைச் செய்ய மறுத்து நிற்கிற ஒரு திறமைசாலியை அவனுடைய அணி என்ன செய்ய வேண்டும்? சிறுபத்திரிகைகள் யாருக்கும் பணம் தருவதில்லையாதலால் கேள்வியின் முதல் பகுதி நம்மைத் தொடாது. மற்றப் பகுதியை ஒவ்வொரு இதழ் தயாராகும்போதும் ஆசிரியர்கள் அனுபவித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

முதலில் நம்முடைய சாய்வைச் சொல்லிவிட வேண்டும். ஒத்துழையாமை என்ற சொல் நம் காதில் 1920ஆம் வருஷத்து இயக்கத்தை நினைவூட்டாமல் ஒலிப்பதில்லை; நம்மிடம் கௌரவத்தோடு புழங்கிய சொல் அது. போதாததற்கு, நாமெல்லாம் புதுக்கவிதையின் வழி வந்தவர்கள். மறுப்பவன் என்றாலே நமக்கு ஒரு கவர்ச்சி. பயிற்சியாளர் என்றால் ஸ்தாபனம், விசில், கோட்டு. பெஞ்சில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் என்றால் தனிமனிதன், கலைஞன். ஆட்டத்தைப் பார்க்காமலே கட்சி எடுத்துவிடுகிறோம். எனக்கும் இந்தச் சாய்வு உண்டு. அதை வைத்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

2011 செப்டம்பர் 27. மியூனிக்கில் பேயர்ன் அணியோடு மான்செஸ்டர் சிட்டி ஆடிக்கொண்டிருந்தது. அர்ஜென்டினாக்காரர் கார்லோஸ் டெவெஸ் இரண்டாம் பாதியில் உள்ளே இறங்க மறுத்தார் என்று பயிற்சியாளர் ராபர்ட்டோ மான்சினி சொன்னார். ஆட மறுக்கவில்லை, தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்றார் டெவெஸ். இனி என்னிடம் அவருக்கு இடமில்லை என்று மான்சினி அன்றிரவே அறிவித்துவிட்டார். அபராதம், நவம்பரில் அனுமதியில்லாமல் டெவெஸ் சொந்த நாட்டுக்குப் புறப்பாடு, மறுபடி அபராதம். பிப்ரவரியில் மன்னிப்புக் கேட்டார். 2012 மார்ச் 21 அன்று செல்சியோடு நடந்த ஆட்டத்தில் பாதியில் இறங்கி, நஸ்ரி போட்ட வெற்றி கோலுக்குப் பந்தைக் கொடுத்தார். ஏப்ரலில் நார்விச் அணிக்கு எதிராக மூன்று கோல். மே 13 அன்று சிட்டி பட்டம் வென்றபோது இரண்டு மான்செஸ்டர்களுக்கும் புள்ளிகள் சமம். கோல் வித்தியாசம்தான் தீர்த்துவைத்தது.

இதைக் கதையாகச் சொல்கிறவர்கள் மன்னிப்பின் மகிமையில் கொண்டுபோய் முடிப்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஜனவரியில் வேறெந்தக் கழகத்துக்கும் அவர் போக முடியாமல் போனதும் மனமாற்றத்துக்கு உதவியிருக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மான்சினி கோபத்தில் சொன்ன வார்த்தையைக் கழகம் விதியாக்கிக்கொள்ளவில்லை. கோபம் பயிற்சியாளருடையது, ஒப்பந்தம் கழகத்துடையது. இரண்டும் ஒன்றாகிவிடாததால்தான் சில மாதம் கழித்துக் கதவைத் திறக்க முடிந்தது. பதினொரு வருஷம் கழித்து, 2022 அக்டோபரில், பக்கத்து மான்செஸ்டரில் ரொனால்டோ இதையே செய்தார். டாட்டன்ஹாமோடு நடந்த ஆட்டத்தில் இறங்க மறுத்து, முடிவதற்குமுன் எழுந்து போனார். அதற்குத் தண்டனை அடுத்த ஆட்டத்தில் இடமில்லை என்பதுதான். பிறகு திரும்பி வந்து ஆடினார், கோலும் போட்டார். நவம்பரில் தொலைக்காட்சிப் பேட்டியில் கழகத்தையும் பயிற்சியாளரையும் தூற்றிய பிறகே ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. செயலுக்கு ஏற்ற அளவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் என்னை நீண்ட நாள் யோசிக்க வைத்தவர் இவர்கள் இருவருமல்ல. வின்ஸ்டன் பொகார்ட் என்ற டச்சுக்காரர். 2000ஆம் ஆண்டில் செல்சியில் சேர்ந்தார். நான்கு வருஷ ஒப்பந்தம், வாரம் சுமார் 40,000 பவுன். சேர்ந்த சில நாட்களிலேயே பயிற்சியாளர் மாறினார். புதியவருக்கு இவர் வேண்டாம். போய்விடு என்றார்கள்; போகவில்லை. இளைஞர் அணியோடு பயிற்சி செய் என்றார்கள். தினமும் வந்து செய்தார். நான்கு வருஷத்தில் லீக் ஆட்டங்கள் ஒன்பது. 2004இல் ஒப்பந்தம் முடிந்தபோது முழுச் சம்பளத்தையும் வாங்கிக்கொண்டு வெளியேறினார். ஆங்கிலப் பத்திரிகைகள் அவரைப் பேராசையின் உருவமாக்கின. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் தம் கையெழுத்தை மதித்தார். மற்றவர் அதை மறக்கும்படி அவரைச் சலிக்க வைக்கப் பார்த்தார். இதில் ஒத்துழையாமை யாருடையது?

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். சம்பளம் ஒப்பந்தத்துக்கு உரியது. பதினொருவரில் ஓர் இடம் ஆட்டத்துக்கு உரியது. ஒருவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறான் என்பதற்காகச் சம்பளத்தில் கை வைக்கக்கூடாது. சம்பளம் தருகிறோமே என்பதற்காக அவனுக்கு இடமும் தரக்கூடாது. நடைமுறையில் பெரும்பாலான அணிகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. கொட்டிய பணம் வீணாகிறதே என்ற பதைப்பில் ஆட வைக்கிறார்கள். ஆட்டம் கெட்டதும் பணத்தை நிறுத்துகிறார்கள். உலகக் கால்பந்துச் சம்மேளனத்தின் விதிகளில் இந்தப் பிரிவினை ஓரளவு ஏறியிருக்கிறது. பேர்பெற்ற ஆட்டக்காரனைப் பருவத்தின் ஆட்டங்களில் பத்தில் ஒரு பங்குகூட ஆடவிடாவிட்டால், பருவ முடிவில் அவன் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். ஒருவனைத் துன்புறுத்தி அவனாகவே ஒப்பந்தத்தை விட்டுவிடும்படி செய்வதும் 2018இல் குற்றமாயிற்று. தனியாக ஓடவிட்டு, உடைமாற்றும் அறையை மாற்றி, பேர் சொல்லிக் கூப்பிடாமல் செய்வதெல்லாம் இதில் அடங்கும்.

இந்த வித்தை கால்பந்துக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. முன்பு நான் வேலை செய்த ஒரு கிளையில் யூனியன்காரர் ஒருவருக்கு மூன்று மாதம் மேஜை மட்டும் இருந்தது, லெட்ஜர் இல்லை. பத்து மணிக்கு வந்து ஐந்து மணிவரை மேஜையைப் பார்த்துக்கொண்டிருப்பார். சம்பளம் ஒழுங்காக வந்தது. நிர்வாகம் இதைப் பொறுமை என்று சொல்லிக்கொண்டது. இடத்தைக் கொடுக்காமலிருப்பது வேறு, மனிதனையே இல்லாதவனாக்குவது வேறு என்பதை அந்தக் காலி மேஜையில்தான் கண்டேன்.

இப்போது வங்கிக்குப் போகும் வழியில் வைகுண்டப் பெருமாள் கோவில் இருக்கிறது. உத்திரமேரூர் என்றதும் வெளியூர் நண்பர்கள் கேட்கிற கல்வெட்டுகள் அதன் சுவரில்தான். பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகள், கி.பி. 919, 921. ஜனநாயகம் என்று பேசுகிற பிரசங்கிகளுக்கு நான் துணைபோக மாட்டேன். அது பிராமணர்களின் சபை. ஊரில் மற்றவர்களுக்குக் குடமும் இல்லை, ஓலையும் இல்லை. முப்பது குடும்புகளிலும் தகுதியுள்ளவர் பேரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒன்று, பொன்னுக்கு ஒன்று. வரி கட்டும் கால்வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும். வயது முதல் சாசனத்தில் முப்பதுக்கும் அறுபதுக்கும் இடையே. இரண்டாவதில் முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடையே. முதலாவதின்படி எனக்கு வயது சரி, நிலம் இல்லை; இரண்டாவதின்படி இரண்டுமே இல்லை.

எனக்குப் பிடித்த விதி வேறொன்று. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனுடைய பேரைக் குடத்தில் போடக்கூடாது. இந்த விதியில் அடியோ உதையோ இல்லை. எவ்வளவு செல்வம், எவ்வளவு கல்வி என்ற விசாரணை இல்லை. சபைக்குத் தேவையான ஆளாயிற்றே என்ற தயக்கமும் இல்லை. ஓலை இல்லை, அவ்வளவுதான். யாருடைய முகத்தையும் பார்க்காமல், பேருக்கு முன்னால் எழுதப்பட்ட விதி. (அவனுடைய உறவுக்காரர்களையும் ஒரு நீண்ட பட்டியல் போட்டு விலக்கினார்கள், அதை நான் ஏற்கவில்லை.) இரண்டே வருஷத்தில் சாசனத்தைத் திருத்தி இன்னும் விரிவாக மறுபடி வெட்டியிருக்கிறார்கள். முதல் விதியில் ஓட்டை இருந்திருக்க வேண்டும்.

சென்ற மே மாதம் இந்த எண்ணங்களுக்கெல்லாம் ஒரு பரீட்சை வந்தது. இங்கிருந்து ஏழெட்டு கிலோமீட்டரில் ஒரு கிராமம். எங்கள் பக்கம் கபடியும் கைப்பந்தும்தான் அதிகம். அந்த ஊரில் மட்டும் கால்பந்துப் பைத்தியம். கோடையில் வற்றிய ஏரிக்குள் கோடு போட்டு, அணிக்கு ஏழு பேராக இரண்டு நாள் போட்டி நடத்துகிறார்கள். வங்கிக்காரன் என்பதால் என்னைப் பொருளாளராக்கியிருந்தார்கள். ஐம்பதும் நூறுமாக வசூலித்த பணத்தில் நாலாயிரம் ரூபாய் பேசி வடசென்னையிலிருந்து ஒரு பையனைக் கூட்டிவந்தார்கள். முன்பணம் ஆயிரத்து ஐநூறு. மிச்சம் என் சட்டைப்பையில். அவனுக்காக இடத்தை இழந்தவன் ஊர்ப்பையன். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. இரண்டு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஆட வந்து, கரையில் உட்கார்ந்திருந்தான்.

முதல் நாள் வந்தவன் நாலு கோல் போட்டான். அதுபோன்ற இடது காலை நான் நேரில் பார்த்ததில்லை. மறுநாள் இறுதியாட்டத்தில் எதிரணி முன்னால் இருந்தது. பின்னால் வந்து தடுக்கச் சொன்னான் கேப்டன். "நான் ஃபார்வர்ட். பின்னாடி வரமாட்டேன்." இடைவேளையில் பனைமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டான். குழு இரண்டாகப் பிரிந்தது. "காசு வாங்கினவன் சொன்னதச் செய்யணும், இல்லேன்னா நாலு வெச்சு அனுப்பு" என்றார் தலைவர். "அவன் போனா கோல் யாருண்ணா போடுறது? கெஞ்சியாவது எறக்குங்க" என்றது மற்றக் கட்சி. இரண்டு கட்சியும் பேசியது பணத்தைப் பற்றித்தான். கேப்டன் மட்டும் ஒன்றும் பேசாமல் ஒரகடத்துப் பையனைப் பார்த்துக் கையை அசைத்தான். அவன் எழுந்து ஷூவைக் கட்டிக்கொண்டான்.

இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். மிச்சப் பணத்தைக் கொடுக்கக்கூடாது என்று என்னைச் சுற்றி நின்றார்கள். பேசியது இரண்டு நாளுக்கு வந்து ஆட. வந்தான், அவன் ஆடுகிற இடத்தில் ஆடத் தயாராக இருந்தான், அந்த இடம் வேண்டாம் என்று தீர்மானித்தது நாம். இதை உரக்கச் சொல்லிவிட்டு இரண்டாயிரத்து ஐநூறையும் கொடுத்தேன். குழுவில் மூன்று பேர் இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஒருவர் வங்கிக்கு வந்தாலும் அடுத்த கவுண்டருக்குப் போகிறார்.

பஸ்ஸுக்காக ஏரிக்கரையில் நின்றிருந்தபோது அவனிடம் கேட்டேன்.

"ஏன் தம்பி, கொஞ்சம் பின்னாடி வந்து ஆடியிருக்கலாமே?"

"தரையப் பாத்தியா சார்? பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்குது. பின்னாடி போனா டேக்கிள் போடணும். காலு போச்சுன்னா யாரு சார் பாப்பாங்க? ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஒரு வேலைக்கு எழுதிப் போட்டுக்கிறேன். ட்ரையலுக்குக் காலு வேணும்."

"இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம்."

"யாரு சார் கேட்டாங்க?"

அவன் பக்கம் நியாயம் இருந்தது. அதனால் அவனுக்கு இடமும் இருந்தது என்று ஆகாது. கேப்டன் செய்தது சரி. அவன் மறுத்ததும் சரி. இரண்டு சரிகள் எதிரெதிரே நிற்கும்போது ஒன்றைத் தப்பாக்கினால்தான் நமக்குத் திருப்தி. கதையிலும் அப்படித்தான் எழுதுகிறோம். மிகப் பெரிய கழகங்களிலும் இந்தக் கேள்வி கேட்கப்படாமலே இருந்துவிடுகிறது. 2009இல் மோகன் பகானுக்கும் பைச்சுங் பூட்டியாவுக்கும் வந்த தகராறு பத்திரிகைகளில் நடனப் போட்டியா பயிற்சியா என்று ஓடியது. அவர் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனபோது கடைசியில் சண்டை எதைப் பற்றி என்றால், ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டதா இல்லையா என்பதைப் பற்றி. அவ்வளவு பெரிய கழகம், அவ்வளவு பெரிய ஆட்டக்காரர், ஒரு தாள்.

இந்த வருஷப் போட்டிக்கு நான் ஒரு தாள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்றே விஷயம். பேசிய பணம் முழுதும், ஆடினாலும் ஆடாவிட்டாலும். யார் எங்கே ஆடுவது என்பது கேப்டன் முடிவு. தலைவரும் பொருளாளரும் வாயைத் திறக்கக்கூடாது. கூட்டிவருகிற ஆட்டக்காரனுக்கு அடிபட்டால் வைத்தியச் செலவு குழுவுடையது. தலைவர் வாசித்துவிட்டு, "பந்து ஆடறதுக்குப் பத்திரமா சார்?" என்றார். கேப்டன் கையெழுத்துப் போட்டான். ஒரகடத்துப் பையன் தாளை வாங்கி இரண்டு தரம் படித்துவிட்டு, "ஊர்ப்பசங்களுக்கு அடிபட்டா சார்?" என்று கேட்டான். மூன்றாவது வரியில் 'கூட்டிவருகிற' என்பதை அடித்துவிட்டோம். தலைவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. வசூல் எவ்வளவு ஆகிறது பார்ப்போம் என்கிறார்.