முட்டிடிச்சான் தேரியில் முன்னால் நடப்பவர்

அகஸ்தியர்கூடம் போகும் பாதையில் ஒரு செங்குத்தான மேட்டுக்கு முட்டிடிச்சான் தேரி என்று பெயர். ஏறும்போது முழங்கால் முகவாயில் வந்து இடிக்குமாம். போய் வந்தவர்கள், பெயரில் மிகையில்லை என்கிறார்கள்.

திருவனந்தபுரத்திலிருந்து போணக்காடு வரைதான் வண்டி. அதற்கு மேல் கால்தான். காட்டாறுகள், அட்டைகள், யானை நடமாடும் புல்வெளி என்று நடந்து, இரவு அதிருமலை முகாமில் தங்கி, மறுநாள் கயிற்றைப் பிடித்துப் பாறையேறினால் 1,868 மீட்டர் உயரத்தில் அகத்தியர் சிலை. நம் பக்கத்தில் இதையே பொதிகை என்கிறோம். தாமிரபரணி பிறக்கும் மலை. அடிவாரக் காடுகளில் வாழும் காணி பழங்குடிகளுக்கோ அகத்தியர் குலத்தின் காவலர். வருகிறவர்களுக்கு வழி காட்டுவதும் இவர்கள்தான்.

இந்த மலைக்கு வந்தவர்கள் பலவிதம். 1855-ல் திருவிதாங்கூர் ஆய்வுக்கூட இயக்குநர் ஜான் ஆலன் ப்ரௌன் உச்சியில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்து பூமியின் காந்தத்தை அளந்தார். 1987-ல் புஷ்பாங்கதன் தலைமையில் தாவரவியல் குழு வந்தது. விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்க, கூட வந்த காணிகள் ஏதோ ஒரு காயை மென்றபடி களைப்பில்லாமல் நடந்தார்கள். என்ன அது? முதலில் சொல்ல மறுத்தார்கள். பிறகு சொன்னார்கள்: ஆரோக்கியப் பச்சை.

அதிலிருந்து பாலோடு தாவரவியல் பூங்காவின் ஆய்வாளர்கள் 'ஜீவனி' மருந்தைத் தயாரித்தார்கள். கோவையைச் சேர்ந்த ஆயுர்வேத நிறுவனம் 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சதவிகித ராயல்டிக்கும் உரிமம் பெற்றது. அதில் பாதி காணிகளுக்கு. 1997-ல் அதற்கென ஒரு டிரஸ்ட் பதிவானது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்மாதிரி என்று உலகமே பாராட்டியது. ஆனால் செடியைக் காட்டிலிருந்து எடுக்க வனத்துறை சம்மதிக்கவில்லை. மூலப்பொருள் கிடைக்காமல் தொழில் திணறியது. தாங்கள் காட்டிக்கொடுத்த செடியைத் தாங்களே பறிக்க அனுமதி கேட்டு நின்றார்கள் காணிகள்.

மலையேறப் பெண்களுக்கு இருந்த தடையை 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் நீக்கியது. 2019 ஜனவரியில் பாதுகாப்புத் துறை அதிகாரி தன்யா சனல் உச்சியைத் தொட்டார். போணக்காட்டில் காணிகள், பெண்கள் உட்பட, அமைதியாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அகத்தியர் இருக்கும் இடத்துக்குப் பெண்கள் போவதில்லை என்பது அவர்கள் மரபு.

நீதிமன்றம் சொன்னது நியாயம்தான். வெளியூர் ஆணுக்குத் திறந்த பாதை பெண்ணுக்கு மட்டும் மூடியிருக்க முடியாது. ஆனால் இந்த மலைக்கு வருகிறவர்கள் காணிகளிடம் வழி கேட்கிறார்கள், மருந்து கேட்கிறார்கள். யார் வரலாம், எத்தனை பேர் வரலாம் என்று முடிவு செய்யும்போது மட்டும் அவர்களைக் கேட்க ஏனோ தோன்றுவதில்லை.

ஜனவரி வந்தால் பாஸ் வாங்கியவர்கள் மறுபடி வரிசை கட்டுவார்கள். தேரியில் எல்லோரும் குனிந்து மூச்சிரைப்பார்கள். முன்னால் போகிற காணி நின்று, திரும்பிப் பார்த்து, காத்திருப்பார்.