காலியாக இருந்த மாடி வீடு



பழங்காநத்தத்தில் எங்களுக்குச் சிறியதொரு வீடு உண்டு. கீழே நாங்கள் வசிக்கிறோம். ஓர் அறையும் அடுப்படியும் கொண்ட மாடிப் போர்ஷனை வாடகைக்கு விடுவது வழக்கம். சென்ற ஆண்டு ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பு அது காலியானது. வாசலில் பலகை மாட்டிய மூன்றாம் நாள், அஸர் தொழுதுவிட்டுத் திரும்பியபோது ஒருவர் வாசலில் காத்திருந்தார். பருத்திப் புடவை, தோளில் கைப்பை, கையில் ஆதார் அட்டையின் நகல். தாம் ஒரு திருநங்கை என்பதை அவரே முதலில் சொல்லிவிட்டார். தையல் வேலை பார்ப்பதாகவும், முன்பணம் தயாராக இருப்பதாகவும் கூறினார்.

"குடும்பமா இருக்கிறவங்களுக்குத்தான் விடுறோம்மா" என்றேன்.

அவர் வாதாடவில்லை. "சரிங்க பாய், வேற எங்கேயாவது இருந்தா சொல்லுங்க" என்று கைப்பேசி எண் எழுதிய தாளைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார்.

படியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மகள் அப்போது எதுவும் பேசவில்லை. இரவு உணவின்போது மெதுவாகக் கேட்டாள்: "அத்தா, நீங்களும் அம்மாவும் வீடு தேடின கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கீங்க. அந்த வீட்டுக்காரர் என்ன சொன்னார்?"

எனக்குத் திருமணமான புதிது. தென்மாவட்டப் பேருந்துகள் பழங்காநத்தத்திலிருந்து புறப்பட்டுக்கொண்டிருந்த காலம். ஒரு வீட்டைப் பார்த்துப் பிடித்துப்போய், வாடகையும் பேசி முடித்த பிறகு அந்த வீட்டுக்காரர் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறியது. "எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி, அக்கம்பக்கம்தான் ஒத்துக்காது" என்றார். அந்த மாதத்தில் மட்டும் நான்கு வீடுகளில் இதே விடையைப் பெற்றோம். அந்த அவமானத்தை இன்றும் நான் மறக்கவில்லை. பிள்ளைகளுக்கும் மறக்காமல் சொல்லி வந்திருக்கிறேன்.

அன்று மாலை, மஹல்லாவில் என்ன பேசுவார்கள் என்று அஞ்சியே நான் அந்தப் பெண்மணியைத் திருப்பி அனுப்பினேன். அக்கம்பக்கத்தைக் காரணம் காட்டிய அந்த வீட்டுக்காரருக்கும் எனக்கும் என்ன வேறுபாடு? மகளுக்கு என்னால் விடை கூற இயலவில்லை.

அதன் பிறகே சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். திருநங்கையருக்கென நல வாரியம் அமைத்த முதல் மாநிலம் நம் தமிழகம், ஆண்டு 2008. உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று அளித்த தீர்ப்பில், தம் பாலினத்தைத் தாமே அறிவிக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்றது. 2019-இல் இயற்றப்பட்ட சட்டம், வாடகைக்கு வீடு மறுப்பதையும் பாகுபாடு எனக் குறிப்பிட்டுத் தடை செய்கிறது. ஆக, அன்று நான் செய்தது சட்டத்துக்கும் புறம்பானது.

அதே 2019 ஏப்ரலில் நம் மதுரைக் கிளை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. தூத்துக்குடியைச் சேர்ந்த ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்திருந்தனர். இந்து திருமணச் சட்டம் கூறும் 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் என்று நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். அந்த ஆண்டுதான் மதுரையில் பிறந்த நாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜ் பத்மஸ்ரீ பெற்றார். ஊரே பெருமை கொண்டது, நானும் கொண்டேன். விருது பெறாத ஒருவருக்கு வாடகைக்கு வீடு தரத்தான் எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு செய்தி என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. கர்நாடக மாணவியரின் ஹிஜாப் வழக்கு 2022-இல் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றபோது, உடையும் கருத்து வெளிப்பாட்டுரிமையில் அடங்கும் என்று நம் பிள்ளைகளுக்காக வாதாடியவர்கள் முன்வைத்த தீர்ப்புகளுள் ஒன்று, திருநங்கையருக்கான அந்த 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அவர்கள் போராடிப் பெற்றதை நம் மகள்களுக்காக நாம் எடுத்துக்கொண்டோம். எடுத்துக்கொண்ட பின் அவர்களுக்கே கதவை அடைப்பது எவ்விதத்தில் நீதி?

மார்க்கம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். நான் ஆலிம் அல்லன். ஃபத்வா தரும் தகுதி எனக்கில்லை. ஆயினும் அனைவரும் அறிந்த சிலவற்றை நினைவூட்டலாம். ஸூரா அல்ஹுஜுராத், ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை ஏளனம் செய்வதையும் பட்டப்பெயரிட்டு அழைப்பதையும் தடுக்கிறது. ஓர் எண்ணைச் சொல்லியே இவர்களை நம் தெருக்களில் கேலி செய்கிறோமே, அது பட்டப்பெயர் அன்றி வேறென்ன? ஆண், பெண் என்று பிரித்தறிய இயலாமல் பிறந்த 'குன்ஸா'வின் தொழுகை வரிசை, சொத்துப் பங்கு, ஜனாஸா ஆகியவற்றை நம் ஃபிக்ஹு நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. அவர்களை ஜமாஅத்துக்கு வெளியே நிறுத்தவில்லை. ஸஹீஹ் முஸ்லிமுக்கு விரிவுரை எழுதிய இமாம் நவவீ (ரஹ்), இயற்கையிலேயே பெண்தன்மையுடன் பிறந்தவர் மீது பழியும் இல்லை, குற்றமும் இல்லை என்கிறார். வேண்டுமென்றே அவ்வாறு நடிப்பவரை அவர் கண்டித்ததையும் மறைக்கவில்லை. ஆனால் ஒருவர் உள்ளத்தில் இருப்பது இயல்பா நடிப்பா என்று தெருவில் நின்று தீர்ப்பெழுதும் அதிகாரத்தை நமக்கு யார் தந்தார்?

தன்பால் ஈர்ப்புடையோர் குறித்து உலமாக்களின் நிலைப்பாட்டை நான் அறிவேன். அதை மாற்றும்படி இங்கே யாரையும் கேட்கவில்லை. ஆயினும் பாவம், புண்ணியம் என்பது அடியானுக்கும் ரப்புக்கும் இடையிலான கணக்கு. அடி, உதை, வீட்டுச் சிறை, வேலை மறுப்பு ஆகியவை மனிதன் மனிதனுக்குச் செய்யும் அநீதி. அதற்கும் மறுமையில் கணக்குண்டு. மதுரையைச் சேர்ந்த இரு பெண்கள் இணைந்து வாழ விரும்பிச் சென்னைக்குச் சென்றனர். பெற்றோர் காணவில்லை என்று புகார் அளிக்க, காவல் துறை தேடியது. பாதுகாப்புக் கோரி அவர்கள் தொடுத்த வழக்கில், தமக்கே இப்பொருளில் புரிதல் போதாது என்று ஒப்புக்கொண்ட நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், உளவியலாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பின் 2021 ஜூனில் உத்தரவிட்டார். இத்தகையோரைக் காவல் துறை துன்புறுத்தக் கூடாது, 'மாற்றுகிறோம்' என்ற பெயரில் மருத்துவம் செய்யக் கூடாது என்றார். அறியாமையை ஒப்புக்கொண்டு கற்க முன்வந்த அந்தப் பணிவு, கல்வியைக் கடமையாகக் கொண்ட நமக்கும் வேண்டும்.

இவர்கள் எங்கிருந்தோ வந்தவர்கள் அல்லர். நம் வீடுகளில் பிறந்தவர்கள். நம்முடன் ஸஹர் உண்டவர்கள். நாம் விரட்டியதால்தான் தெருவில் நிற்கிறார்கள். பிறகு தெருவில் நிற்பதையே குற்றமாகச் சொல்கிறோம்.

பத்து நாள் கழித்து அந்த எண்ணுக்கு அழைத்தேன். நான் யாரென்று சொல்லி, மன்னிப்புக் கேட்டு, மாடி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்றேன். அவருக்கு வெகுதொலைவில் ஓர் இடம் கிடைத்துவிட்டதாம். வேலைக்கு இரண்டு பேருந்து மாற வேண்டுமாம். "பரவாயில்ல பாய். இல்லைன்னு சொல்லிட்டுத் திரும்பக் கூப்பிட்டது நீங்க ஒருத்தர்தான்" என்றார். அந்த நன்றிக்கு நான் தகுதியானவன் அல்லன்.

இப்போது மாடியில் வேறொரு குடும்பம் இருக்கிறது. அடுத்த முறை காலியாகும்போது, யார் வந்தாலும் வாடகையும் முன்பணமும் மட்டுமே பேசுவது என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். மஹல்லாவில் நிச்சயம் யாரேனும் கேட்பார்கள். என்னிடம் வீடில்லை என்று சொன்ன அந்த நால்வரின் கதையை அவர்களுக்குச் சொல்வேன், இன்ஷா அல்லாஹ்.

நாம் அஞ்ச வேண்டியவனை மட்டும் அஞ்சும் உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.