தன் பாட்டைப் பாடாதவர்

கல்லூரி நாட்களில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால், இரண்டு நாளில் காசெட்டில் பதிந்து தருவார்கள். சினிமாப் பாட்டுக்கு நடுவே ஒரு சின்ன இங்கிலீஷ் அலமாரியும் அங்கே உண்டு. அதிலிருந்து கடைக்காரரே தேர்ந்தெடுத்துப் பதிந்து கொடுத்த காசெட் ஒன்று என்னிடம் வெகுகாலம் இருந்தது. உறையில் அவருடைய முத்து முத்தான கையெழுத்து: 'ப்ரவுட் மேரி' என்றால் பக்கத்தில் டினா டர்னர், 'ஹேவ் யூ எவர் சீன் த ரெயின்' பானி டைலர், 'ராக்கிங் ஆல் ஓவர் த வேர்ல்ட்' ஸ்டேட்டஸ் குவோ.

மூன்று பாட்டையும் எழுதி, மெட்டமைத்து, முதலில் பாடியவர் ஒரே ஆள். ஜான் ஃபோகர்ட்டி. அவர் பெயர் அந்த உறையின் எந்த மூலையிலும் இல்லை. கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். யார் குரலோ அவர் பெயரைத்தான் உறையில் போடுவார்கள். ராயல்டி என்ற சொல்லே அந்தக் கடைக்குள் நுழைந்ததில்லை. அதனால் ஃபோகர்ட்டிக்கும் காசு போகவில்லை, அவருடைய ரெக்கார்டு கம்பெனி முதலாளிக்கும் போகவில்லை. இந்த இரண்டாவது செய்தி ஃபோகர்ட்டியின் காதுக்கு எட்டியிருந்தால் கடைக்காரருக்கு நன்றிக் கடிதமே வந்திருக்கும்.

அப்படி ஒரு பகை அது.

கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவை ஒட்டிய எல் செரிட்டோ என்ற சிற்றூர்ப் பையன்கள் நான்கு பேர். ஜான், அவருடைய அண்ணன் டாம், பள்ளித் தோழர்கள் ஸ்டூ குக், டக் கிளிஃபோர்ட். 1968இல் க்ரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். முதல் வெற்றியே அடுத்தவர் பாட்டுதான். டேல் ஹாக்கின்ஸ் பாடிய பழைய 'சூஸி க்யூ'வை எட்டு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பாடினார்கள். அதன் பிறகு ஜான் எழுதிய பாட்டுகள் வெற்றி பெறத் தொடங்கின. 1969 ஒரே ஆண்டில் மூன்று ஆல்பங்கள். அமெரிக்கப் பட்டியலில் ஐந்து இசைத்தட்டுகள் இரண்டாம் இடம் வரை ஏறின. முதலிடம் ஒருமுறைகூட வாய்க்கவில்லை. 1972இல் குழு கலைந்தது.

கம்பெனியின் பெயர் ஃபேன்டஸி. ஜாஸ் இசைத்தட்டுகள் போட்டுக்கொண்டிருந்த சிறிய கம்பெனி. 1967இல் சால் ஸான்ட்ஸ் என்பவர் கூட்டாளிகளோடு அதை விலைக்கு வாங்கினார். விவரம் அறியாத வயதில் பையன்கள் போட்ட கையெழுத்தில் இரண்டு சொத்துகள் கைமாறின. பாட்டின் சொல்லும் மெட்டும் ஒரு சொத்து. ஸ்டுடியோவில் பதிவான ஒலிநாடா இன்னொரு சொத்து. இரண்டும் ஃபேன்டஸியிடம் போயின. எழுதியவருக்கும் பாடியவருக்கும் பங்கு உண்டு; உரிமை கிடையாது. இதற்கு மேலும் புதிய பாட்டுகள் எழுதித் தரவேண்டிய பாக்கி தலைக்கு மேல் நின்றது. அதிலிருந்து விடுபடுவதற்காக 1980இல், க்ரீடன்ஸ் இசைத்தட்டுகளில் பாடகராகத் தனக்கு வரவேண்டிய ராயல்டியையே ஃபோகர்ட்டி விட்டுக்கொடுத்தார். ஸான்ட்ஸ் அதற்குள் சினிமா தயாரிப்பாளர் ஆகிவிட்டார். 'ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்', 'அமதேயுஸ்', 'தி இங்கிலீஷ் பேஷன்ட்' என்று மூன்று படங்களுக்குச் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியவர். ரசனை கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. அந்தப் படங்களை நான் விரும்பிப் பார்த்திருக்கிறேன் என்பது எனக்கே கொஞ்சம் சங்கடம்தான்.

  

ஃபோகர்ட்டி எடுத்த முடிவுதான் என்னை இந்தக் கதையோடு கட்டிப்போட்டது. க்ரீடன்ஸ் பாட்டுகளை இனி மேடையில் பாடுவதில்லை என்று நிறுத்திவிட்டார். தான் பாடினால் அதிலும் ஒரு பங்கு ஸான்ட்ஸுக்குப் போகும். அந்தப் பங்கைக் கொடுப்பதைவிட வாயை மூடிக்கொள்ளலாம் என்ற வைராக்கியம். 1973இல் அவர் வெளியிட்ட முதல் தனி ஆல்பம் 'த ப்ளூ ரிட்ஜ் ரேஞ்சர்ஸ்'. முழுக்கப் பிறருடைய நாட்டுப்புறப் பாட்டுகளும் தேவாலயப் பாட்டுகளும். வாத்தியம் எல்லாவற்றையும் அவரே வாசித்தார். உறையில் தன் பெயரைக்கூடப் பெரிதாகப் போடாமல், ஏதோ ஒரு குழு பாடியதுபோல வெளியிட்டார். அடுத்தவர் பாட்டைப் பாட அவருக்குத் தடை இல்லை. தன் பாட்டுக்குத்தான் தடை, அதுவும் தானே போட்டுக்கொண்டது.

அவர் வாயை மூடிக்கொண்டார், ஊர் மூடிக்கொள்ளவில்லை. அமெரிக்கச் சட்டப்படி, ஒருமுறை இசைத்தட்டாக வெளிவந்துவிட்ட பாட்டை யார் வேண்டுமானாலும் திரும்பப் பாடிப் பதியலாம். எழுதியவரைக் கேட்க வேண்டியதில்லை. சட்டம் சொன்ன தொகையைப் பாட்டுரிமை வைத்திருப்பவருக்குக் கட்டினால் போதும். 1909இல் வந்த ஏற்பாடு. தானாக வாசிக்கும் பியானோவுக்கான காகிதச் சுருள்கள் பரவிய காலம். ஏயோலியன் என்ற ஒரே கம்பெனி எல்லாப் பாட்டையும் வளைத்துப் போட்டுவிடுமோ என்று பயந்து செய்தது. தொகை, பிரதி ஒன்றுக்கு 2 சென்ட். எழுபது ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக, 1977 முடியும் வரை அது ஏறவே இல்லை. ஐக் டர்னரும் டினா டர்னரும் 1971இல் 'ப்ரவுட் மேரி'யைப் பாடியபோது, தட்டுக்கு அந்த 2 சென்ட் கட்டணம் போன இடம் ஃபேன்டஸியின் பாட்டுரிமைப் பிரிவு.

அந்தப் பாட்டைக் கொஞ்சம் கிட்டே நின்று பார்க்க வேண்டும். ராணுவத்திலிருந்து விடுவிப்புக் கடிதம் கைக்கு வந்த சந்தோஷத்தில் ஃபோகர்ட்டி எழுதியது. தொடக்கத்தில் கிடாரில் விழும் கார்டுகள் பேதோவனின் ஐந்தாவது சிம்பொனியை வைத்து வந்தவை என்று அவரே சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு பாட்டு ஒரே சீராகப் போகிறது. வேலையை விட்டுவிட்டு நதியோடு போகிறவனின் நிதானம். அவர் குரலில் ஒரு கரகரப்பு இருக்கும், அவசரம் இருக்காது. டினா அதை எடுத்து இரண்டாகக் கிழித்தார். முதலில் மெதுவாக, பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது மாதிரி, ரசிகர்களிடம் ஒரு பேச்சு. பின்னால் ஐக்கின் அடித்தொண்டைக் குரல் மந்தமாகத் தொடர்ந்து வரும். இப்படியே முடிந்துவிடும்போல என்று நாம் நினைக்கும் நேரத்தில் டிரம்ஸ் உதைக்கும், பித்தளை வாத்தியங்கள் பாயும், பாட்டு தலைதெறிக்க ஓடும். ஃபோகர்ட்டியின் ஆள் படகில் ஏறிப் போகிறான். டினாவிடம் அந்தப் படகே பெண்ணாக எழுந்து ஆடுகிறது. அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடம், ஒரு கிராமி விருது. 2023இல் டினா மறைந்தபோது உலகம் முழுவதும் முதலில் ஒலித்த பாட்டுகளில் இதுவும் ஒன்று. நகல் என்று இதை எப்படிச் சொல்வது? இன்னொருவர் கட்டிய வீட்டில் குடியேறி, சுவரை இடித்துப் புது வாசல் வைத்தவர் டினா.

'ராக்கிங் ஆல் ஓவர் த வேர்ல்ட்' கதை இதைவிட மோசம். 1975இல் ஃபோகர்ட்டி பாடியது. இரண்டு ஆண்டு கழித்து ஸ்டேட்டஸ் குவோ பாடியது. 1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்ப்ளியில் லைவ் எய்ட் கச்சேரியைத் தொடங்கி வைத்ததே அந்தப் பாட்டுதான். பிரிட்டனில் அது யார் பாட்டு என்று கேட்டால் உங்களைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அதே 1985இல் ஃபோகர்ட்டி 'சென்டர்ஃபீல்ட்' என்ற ஆல்பத்தோடு திரும்பி வந்தார். முதலிடம் போனது. அதில் ஒரு பாட்டு, ஆடத் தெரியாத, ஆனால் பையில் இருக்கும் பணத்தை அடிக்கத் தெரிந்த ஒரு பன்றியைப் பற்றியது. பன்றிக்கு வைத்த பெயர் ஸான்ஸ். மானநஷ்ட வழக்கு வந்தது. ஒலிப்பதிவைத் திருத்திப் பெயரை வான்ஸ் என்று மாற்றினார்கள். எனக்கு அந்தப் பாட்டு பிடிக்காது. கோபத்தில் எழுதிய பாட்டில் கோபம் மட்டும்தான் மிஞ்சும்.

இன்னொரு வழக்குதான் உலகப் பிரசித்தம். அந்த ஆல்பத்தின் 'தி ஓல்ட் மேன் டவுன் த ரோடு', 1970இல் க்ரீடன்ஸ் பாடிய 'ரன் த்ரூ த ஜங்கிள்' பாட்டின் திருட்டு என்று ஃபேன்டஸி வழக்குப் போட்டது. இரண்டையும் எழுதியவர் ஃபோகர்ட்டி. பழையது கம்பெனியின் சொத்து, ஆகவே புதியது திருட்டு என்பது வாதம். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் சட்டப்படி அதில் பிழை இல்லை. எழுதியவரும் உரிமைக்காரரும் வேறு வேறு ஆளாகிவிட்டால் தன் வீட்டிலேயே திருடலாம். 1988இல் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டுக்குள் கிடாரோடு போய் உட்கார்ந்தார் ஃபோகர்ட்டி. இந்த இடத்தில் விரல் இப்படித்தான் போகும், இது என் பாணி என்று ஜூரிகளுக்கு வாசித்துக் காட்டினார். ஒரு மனிதன் தன் பாணியையே பயன்படுத்தக் கூடாது என்றால் பிறகு எதைப் பயன்படுத்துவது? ஜூரி அவர் பக்கம் நின்றது. வக்கீல் செலவுக்காக வழக்கு உச்ச நீதிமன்றம் வரை ஏறியது. வழக்குப் போட்டவருக்கு ஒரு அளவுகோல், எதிர்கொண்டவருக்கு இன்னொன்று என்று வைக்கக் கூடாது என 1994இல் தீர்ப்பு வந்தது. பிறகு 13 லட்சம் டாலருக்கு மேல் செலவுத்தொகை கிடைத்தது. அமெரிக்கச் சட்ட மாணவர்கள் இன்றும் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள்.

ஆனால் ஃபோகர்ட்டியின் வாயைத் திறக்க வைத்தது நீதிமன்றம் இல்லை. தீர்ப்புக்கு முன்பே, 1987 பிப்ரவரியில், லாஸ் ஏஞ்சலஸில் பாலமினோ என்ற கிளப்பில் தாஜ் மஹால் என்ற ப்ளூஸ் பாடகரின் கச்சேரி. கேட்க வந்திருந்த ஜார்ஜ் ஹாரிசனும் பாப் டிலனும் ஃபோகர்ட்டியும் மேடை ஏறிவிட்டார்கள். 'ப்ரவுட் மேரி' பாடச் சொன்னபோது இவர் தயங்கினார். நீ பாடாவிட்டால் அது டினா டர்னர் பாட்டு என்றுதான் உலகம் நினைத்துக்கொண்டிருக்கும் என்றார் டிலன். பாடினார். அந்த ஜூலையில் வியட்நாம் போர்வீரர்களுக்கான கச்சேரியில் மறுபடி பாடினார். 1990இல் மிசிசிப்பியில் பழைய ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனின் கல்லறைக்குப் போனார். இந்த மனிதரின் பாட்டுகள் இப்போது எந்த வக்கீலிடம் இருந்தால் என்ன, இவை ஜான்சன் பாட்டு என்று எல்லோருக்கும் தெரியுமே என்று அங்கே தோன்றியதாம். அதன் பிறகுதான் தயக்கம் மெல்லக் கரைந்தது.

இழப்புகளை அதற்குள் எண்ணி முடியாது. அண்ணன் டாம் இந்தச் சண்டையில் ஸான்ட்ஸ் பக்கம் நின்றவர். 1990இல் மனத்தாங்கல் தீராமலே இறந்தார். 1993இல் ராக் இசைக் கௌரவ மன்றத்தில் குழுவைச் சேர்த்தபோது, பழைய தோழர்கள் இருவரோடும் மேடையில் வாசிக்க ஜான் மறுத்துவிட்டார். இதில் எனக்கு அவர்மேல் அனுதாபம் இல்லை. முதலாளியோடு போட்ட சண்டையில் தோழர்களை ஏன் தண்டிக்க வேண்டும்?

2004இல் கான்கார்ட் என்ற கம்பெனி ஃபேன்டஸியை வாங்கி, 1980இல் விட்டுக்கொடுத்த ராயல்டியைத் திருப்பித் தந்தது. 2014இல் ஸான்ட்ஸ் காலமானார். 2023 ஜனவரியில், பாட்டுரிமையின் பெரும்பங்கை ஃபோகர்ட்டி விலை கொடுத்து வாங்கினார். அரை நூற்றாண்டு கழித்து, தான் எழுதியதைத் தானே காசு கொடுத்து வாங்கினார். 80 வயது நிறைந்த 2025இல், க்ரீடன்ஸ் பாட்டுகள் இருபதை மகன்களோடு சேர்ந்து மறுபடி பதிந்து 'லெகசி' என்று வெளியிட்டார். ஒவ்வொரு பாட்டின் பெயருக்கும் பின்னால் 'ஜானின் பதிப்பு' என்ற ஒட்டு, தன் பழைய ஆல்பங்களை மறுபடி பதிந்த டெய்லர் ஸ்விஃப்ட் காட்டிய வழியில்.

கேட்டேன். குரல் ஆச்சரியமாகத் தாங்கியிருக்கிறது. கிடார் அச்சு அசலாக இருக்கிறது. அச்சு அசலாக இருப்பதுதான் எனக்குக் குறை. டினா உடைத்ததுபோல அவர் எதையும் உடைக்கவில்லை. 1969ஐ அப்படியே திரும்பக் கட்டப் பார்த்திருக்கிறார். உரிமைக்காக எடுத்த பதிப்பு அப்படித்தான் இருக்க முடியும் என்பதும் புரிகிறது. 'ப்ரவுட் மேரி'யின் மூன்று பதிவுகளையும் வரிசையாகக் கேளுங்கள்: 1969, 1971, 2025. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் 1969ஐக் கேளுங்கள். அதன் அசல் ஒலிநாடா இப்போதும் கான்கார்டிடம்தான் இருக்கிறது.