ஒரே பாத்திரம், மூன்று தட்டு

பாஸ்தா சமைப்பது பெரிய வித்தையா என்ன? தண்ணீரைக் கொதிக்க வைத்து, பாஸ்தாவைப் போட்டு, வடித்து, சாஸைக் கலந்தால் முடிந்தது என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் இத்தாலியில் இந்தப் பேச்சை ஆரம்பித்தால் ஒரு பொழுது போதாது! 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. இது அங்கே வாய்ப்பாடு மாதிரி. சாஸ் தனிப் பாத்திரத்தில். தமிழ்நாட்டுச் சமையலறைக் கணக்கில் சொன்னால், இது வடித்த சோறு.

2022ஆம் ஆண்டு இலையுதிர் காலம். உக்ரைன் போரால் ஐரோப்பா முழுவதும் எரிவாயு விலை ஏறிக் கிடந்தது. டூரின் நகரில் ஒரு வாடகை வீட்டில் மூன்று மாணவர்கள். ஃபிரிட்ஜ் கதவில் காஸ் பில். அதில் இரண்டு பேர் தங்கள் பங்கைக் கொடுத்துவிட்டார்கள். நேப்பிள்ஸில் இருந்து படிக்க வந்தவன் இன்னும் கொடுக்கவில்லை. யாரும் வாய் திறந்து கேட்கவில்லை. ஆனால் அவன் அடுப்பைப் பற்றவைக்கும்போதெல்லாம் மற்ற இருவர் பார்வையும் தீயின் மேல் போய் நின்றது. அவனுக்கு அது புரியாமல் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் இத்தாலியில் இன்னொரு விவாதம். 2021இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜோ பரீசி, பாஸ்தாவைக் கொதிநீரில் போட்டபின் மூடி போட்டு அடுப்பை அணைத்துவிடலாம், காஸ் மிச்சமாகும் என்ற யோசனையை ஃபேஸ்புக்கில் பகிர்ந்திருந்தார். சமையல்காரர்கள் சிலர் கொதித்துப் போனார்கள். அறைத் தோழன் ஒருவன் அதைச் சொல்லிச் சிரித்தான். "உனக்கு ஏற்ற சமையல்டா இது!" விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனாலும் சுருக்கென்றது.

மறுநாள் இரவு மூவருக்கும் தானே சமைப்பதாகச் சொன்னான். கையில் இருந்தது மூன்று உருளைக்கிழங்கு, ஒரு வெங்காயம், ஒரு தண்டு செலரி, ஆலிவ் எண்ணெய், சாப்பிட்டு மிஞ்சிய பார்மிசான் சீஸின் தடித்த தோல், பல பாக்கெட்டுகளில் மிஞ்சிய வகைவகையான பாஸ்தா. இவ்வளவுதான். நேப்பிள்ஸ்காரனுக்கு இது போதும். அங்கே ஏழை வீடுகளில் 'பாஸ்தா எ பட்டாத்தே' என்று உருளைக்கிழங்கும் பாஸ்தாவும் ஒரே பாத்திரத்தில் வேகும். மிஞ்சிய துண்டு துணுக்குப் பாஸ்தாவைக் கலந்து போடுவது அதற்கென்றே உள்ள பழக்கம்.

வெங்காயத்தையும் செலரியையும் பொடியாக நறுக்கி எண்ணெயில் வதக்கினான். சிறு துண்டுகளாக வெட்டிய உருளைக்கிழங்கைப் போட்டு, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, சீஸ் தோலையும் உள்ளே போட்டான். கிழங்கு உடையத் தொடங்கியதும் 300 கிராம் பாஸ்தாவை அப்படியே கொட்டினான். பிறகு கை எடுக்காமல் கிளறல். வற்ற வற்றக் கொஞ்சம் கொஞ்சமாக வெந்நீர். வழக்கப்படி வடித்திருந்தால் 3 லிட்டர் கொதிக்க வேண்டியிருக்கும். இதற்கு அதில் பாதிகூடத் தேவைப்படவில்லை.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பாஸ்தா வேகும்போது அதன் மாவுச்சத்து தண்ணீரில் இறங்கும். வடித்தால் அது சாக்கடைக்குப் போகும். வடிக்காவிட்டால் அதுவே குழம்பைக் கெட்டியாக்கும். அமெரிக்க எழுத்தாளர் ஹரால்ட் மெக்கீ 2009இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில், சுமார் 450 கிராம் பாஸ்தாவை ஒன்றரை லிட்டருக்கும் குறைவான தண்ணீரில், அதுவும் குளிர்ந்த நீரில் தொடங்கி வேகவைக்கலாம் என்று செய்து பார்த்தே எழுதினார். அடிக்கடி கிளற வேண்டும், அவ்வளவுதான். உப்பில் மட்டும் கவனம் வேண்டும். தண்ணீர் வெளியே போகாததால் போட்ட உப்பு முழுவதும் தட்டில்தான் இருக்கும். வாய்ப்பாட்டை நம்பிப் போட்டால் வாயில் வைக்க முடியாது! அவனும் முன்பு ஒருமுறை அப்படிக் கெடுத்தவன்தான். அதனால் இந்த முறை கடைசியில் ருசி பார்த்தே உப்புப் போட்டான்.

அடுப்பை அணைத்து, துருவிய சீஸைக் கலந்து, ஐந்து நிமிடம் மூடி வைத்தான். பொங்கல் மாதிரி குழைந்து வந்தது. கரண்டியை நட்டால் நிற்கும் பதம்.

முதலில் தயங்கிய இருவரும் பிறகு பேசவே இல்லை. சிரித்தவன் பாத்திரத்தின் அடியைச் சுரண்டிக்கொண்டே, "தினமும் நீயே சமைத்துவிடு. உன் பாக்கியை அதில் கழித்துக்கொள்வோம்" என்றான்.

"வேண்டாம். மாதக் கடைசியில் பணம் தந்துவிடுகிறேன். இப்போது கையில் இல்லை" என்றான் அவன்.

இத்தனை நாள் தொண்டையில் சிக்கிக் கிடந்த வார்த்தை அது. சொன்ன பிறகு அவ்வளவு கஷ்டமாக இல்லை. "சரி" என்றார்கள் இருவரும்.

பில் ஃபிரிட்ஜ் கதவிலேயே இருந்தது. கழுவ வேண்டியது ஒரு பாத்திரமும் மூன்று தட்டும். சிரித்தவனே எழுந்து போய்க் கழுவினான்.